கோத்தகிரியில் சேவைச் சங்க வேலை: அடுத்த ஆண்டு பணத்தையும் நேரத்தையும் எதில் போடலாம்?

கட்டபெட்டு_செயலர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சங்கத்தில் ஜூலை 1 அன்று புதிய ஆண்டு தொடங்குகிறது. செயலாளர் பொறுப்பை இந்த முறை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பொறுப்பேற்பு விழாவுக்கு முன்பே ஆண்டுத் திட்டத்தை எழுதித் தலைவரிடம் கொடுக்க வேண்டும். சங்கத்துக்கு வெளியே இருப்பவர்கள் எங்கள் வேலையை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு எழுதினால் நல்லது என்பதால் இங்கே கேட்கிறேன்.

இப்போது நடப்பது இதுதான். மாதம் இரண்டு கூட்டம், அதில் ஒன்றில் சிறப்பு விருந்தினர் பேச்சு. பள்ளிகளுக்கு நோட்டு, பை. ஒரு ரத்ததான முகாம். டவுன் மண்டபத்தில் ஒரு கண் முகாம். டிசம்பர் குளிருக்குக் கம்பளி. கோடை சீசனில் ஓர் இசை நிகழ்ச்சி வைத்து நன்கொடை திரட்டுகிறோம். எதையும் வேண்டாத வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டியல்தான் நீளமே தவிர, எந்த வேலையிலும் அது முடிகிற வரைக்கும் நாங்கள் கூட நிற்பதில்லை. முகாமுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அறுவைச் சிகிச்சைக்குப் போனார்கள், போனவர்களுக்கு இப்போது பார்வை எப்படி இருக்கிறது என்று கேட்டால் எங்கள் ஆண்டறிக்கையில் பதில் இல்லை. புகைப்படம் இருக்கிறது.

என் யோசனை: ஆண்டு முழுக்கக் கண் பார்வை ஒன்றையே எடுத்துக்கொண்டு, கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம், குஞ்சப்பனை பக்கத்து ஊர்களில் கடைசி வரை செய்வது. இந்த எண்ணம் எனக்கு வந்ததற்கு ஓர் ஆய்வு காரணம். அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடத்தி, 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் வெள்ளெழுத்து, அதாவது வயதாகும்போது கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது. பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாக உயர்ந்தது. நம் மலையிலும் இலை பறிப்பவர்களில் நிறையப் பேர் 40-ஐத் தாண்டிய பெண்கள். அவர்களில் எத்தனை பேர் கண்ணாடி போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

மூன்று விஷயத்தில் உங்கள் கருத்து வேண்டும். இந்தத் திட்டம் சரிதானா, விருந்தினர் பேச்சுகளை எப்படி உருப்படியாக்குவது, பணம் எப்படித் திரட்டுவது.

அரவேணு_செவிலி:

தம்பி, திட்டம் சரி. அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில் கண் முகாம்களில் நிறைய நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முகாம் வைத்தால் காலையில் பதிவு, பிறகு எழுத்துப் பலகை, டாக்டர், கண் அழுத்தம், கண்ணீர்ப்பை சோதனை, கடைசியில் சர்க்கரையும் பிபியும். கண்புரை முற்றியவர்களைத் தேர்ந்தெடுத்து அன்று மாலையே பேருந்தில் கோவைக்கு ஏற்றிவிடுவார்கள். ஆபரேஷன் முகாம் நடக்கும் இடத்தில் கிடையாது, மருத்துவமனையில்தான். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை இந்த முறையைத்தான் தமிழ்நாடு முழுக்கப் பரப்பியது. உள்ளூர்ச் சங்கம் இடம், விளம்பரம், சாப்பாடு பார்த்துக்கொள்ளும், மருத்துவக் குழு கண்ணைப் பார்த்துக்கொள்ளும். இந்தப் பங்கீடு நல்ல பங்கீடு. மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஆள் நழுவுவது மூன்று இடத்தில். முதலாவது, முகாம் டவுனில் இருந்தால் வர வேண்டியவர் வரவே மாட்டார். ஒரு கண்ணில் பார்வையே இல்லாத பாட்டி கரிக்கையூரிலிருந்து தனியாக பஸ் ஏறி டவுன் மண்டபத்துக்கு வருவார் என்று எதிர்பார்க்க முடியுமா? ஆம்பளைகளும் டவுனை ஒட்டி இருப்பவர்களும்தான் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாவது, தேர்வான பிறகும் பேருந்தில் ஏறாதவர்கள். பயம் ஒரு பங்குதான். மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது, பேரப்பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது, கூலி போகுமே, இதெல்லாம்தான் பெரிய பங்கு. சர்க்கரையோ பிபியோ கூடுதலாக இருந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் இரண்டாவது முறை வருவது அபூர்வம். முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே கிராம சுகாதாரச் செவிலியர் மூலம் சர்க்கரை, பிபி பார்த்து மாத்திரை தொடங்கச் செய்தால் இந்தத் தொல்லை பெரிய அளவில் குறையும். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். யாருக்கு என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மூன்றாவது, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள். சொட்டு மருந்தை வாரக் கணக்கில் விட வேண்டும். கண்ணில் புகை படக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறோம், வீட்டில் விறகு அடுப்பு. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்கிறோம், போக வர ஆகும் செலவை யார் தருவது? உங்கள் சங்கம் பணத்தைப் போட வேண்டிய இடம் இந்த மூன்றாவது கட்டம். மேடைக்கும் பேனருக்கும் ஆகும் தொகையில் ஒரு ஜீப் வாடகை அடங்கிவிடும்.

சோலூர்மட்டம்_சிறுவிவசாயி:

செவிலி அக்கா சொன்னது அத்தனையும் எங்கள் ஊரில் நடப்பது. என் அம்மாவுக்கு ஒரு கண் முடிந்தது, இன்னொரு கண்ணுக்கு இன்னும் போகவில்லை. காரணம் மாடுதான்.

அசாம் கணக்கை மட்டும் அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம் செயலர் சார். அங்கே கையால் இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளுவது. எங்கள் பக்கம் சிறு தோட்டங்களில் பாதி வேலை கத்தரியிலும் மெஷினிலும் நடக்கிறது. கண்ணாடி போட்டால் கிலோ அதே அளவுக்குக் கூடும் என்று சொல்லிப் பணம் கேட்டால் நாளைக்குக் கேள்வி வரும். ஆனால் கண்ணாடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலை எடை போடும் இடத்தில் ஏஜென்ட் எழுதித் தரும் சீட்டை வாசிக்க முடியாமல் மகனிடம் காட்டிக் கேட்கிற பெண்கள் இருக்கிறார்கள். எடை சரியாக எழுதியிருக்கிறதா என்று தானே பார்க்க முடிவது பெரிய விஷயம். மாத்திரை அட்டையில் தேதி, போனில் வரும் ஓடிபி, ஊசியில் நூல் கோர்ப்பது, எல்லாம் இருக்கிறது.

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். நம் கோத்தகிரிச் சரிவுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கனக்கும். அந்த மாதங்களில் முகாம் வைத்தால் மண்சரிவு என்று குஞ்சப்பனை ரோட்டை மூடினால் எல்லாம் போச்சு. மார்கழி, தை பக்கம் பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகை, அந்த நாட்களில் படுகர் ஊர்களில் யாரும் வேறு வேலைக்கு வர மாட்டார்கள், வரச் சொல்லவும் கூடாது. ஏப்ரல், மே சீசனில் ரோடு முழுக்க வண்டி. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒன்று, பிப்ரவரி, மார்ச்சில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுகுளா_இளைஞர்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இசை நிகழ்ச்சி, புகைப்படம், பேனர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒதுக்காதீர்கள். சங்கத்தில் 40 வயதுக்குக் கீழ் எத்தனை பேர் இருக்கிறார்கள்? என் நண்பர்கள் முதன்முதலில் சங்கத்தின் பெயரைக் கேட்டதே ஒரு நிகழ்ச்சிக்கு வாலண்டியராக வந்தபோதுதான். பெங்களூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்புவதும் படம் பார்த்துத்தான். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யாரும் நன்கொடை தருவதில்லை.

படம் எதை எடுக்கிறோம் என்பதை மாற்றலாம். தலைவர் கண்ணாடியை நீட்ட, பாட்டி கைகூப்பி நிற்கும் படம் வேண்டாம். ஜீப் போன பாதை, சோதனை நடந்த இடம், வேலை செய்த ஆட்கள், இவற்றைப் போடுவோம். நோயாளியின் முகம் வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுவிட்டு. வரவு செலவையும் அந்தப் பக்கத்திலேயே போட்டால் ஜனம் இன்னும் நம்பும்.

பழைய_பொருளாளர்:

பண விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். வேறொரு ஊரில் வேறொரு சங்கத்தில் கணக்குப் பார்த்த அனுபவம்.

கணக்கை இரண்டாகப் பிரிப்பது முதல் வேலை. லயன்ஸ் சங்கங்களில் இது விதியாகவே இருக்கிறது. மக்களிடம் திரட்டியது மக்கள் சேவைக்குத்தான் போக வேண்டும், சங்கத்தின் சாப்பாடு, பொன்னாடை, பொறுப்பேற்பு விழா எல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்து வர வேண்டும். எந்தச் சங்கமாக இருந்தாலும் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். கியூஆர் கோடு சங்கத்தின் அறக்கட்டளைக் கணக்கில் இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்த ஜிபே நம்பர் எவ்வளவு நல்லவருடையதாக இருந்தாலும் வேண்டாம். அடுத்த ஆண்டு பொருளாளர் மாறுவார், கணக்கு மாறக்கூடாது.

நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு (80ஜி என்று சொல்வது) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது என்பதைக் கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இப்போது ரசீது மட்டும் போதாது, வருமான வரித் தளத்தில் பதிவேற்றிச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சலுகை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

யாராவது குலுக்கல் பரிசுச் சீட்டு யோசனையோடு வருவார்கள், அதை வளர விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியம் என்பதற்காகச் சட்டச் சிக்கலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

இசை நிகழ்ச்சி பற்றித் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும், கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். இருட்டிய பிறகு கரடியும் காட்டெருமையும் நடமாடும் பாதையில் யாரும் நடந்து வீடு போக விரும்புவதில்லை. ஆகவே சொந்த வண்டி உள்ளவர்கள்தான் வருவார்கள். பகலில் நடத்தினால் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும்போது அனுமதி வாங்கி ஒரு கடை போட முடிந்தால், நம் பெண்கள் குழுக்கள் செய்யும் வர்க்கி, தேன், தேயிலைத்தூள் விற்கலாம். மண்டப வாடகை, ஒலி ஒளி எதுவும் இல்லை. உறுதியாகக் கையில் நிற்கும் பணம் அதுதான்.

பெரிய மானியத்தை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். ரோட்டரியின் உலகளாவிய மானியம் என்றால் திட்டமே குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் வேலைக்கு அவ்வளவு தேவையில்லை. உறுப்பினர்கள் மாதா மாதம் ஒரு தொகை என்று ஒப்புக்கொண்டாலே கண்ணாடிச் செலவு நடக்கும்.

குன்னூர்_வாத்தியார்:

விருந்தினர் பேச்சைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

நம் மாவட்டத்தில் பேசத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாக வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்து வேலை நடந்த இடம். தெருநாய் இவ்வளவு பெருகிய காலத்தில் அங்கிருந்து ஒருவரை அழைத்து, கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், ஊசியைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று பேசச் சொல்லலாம். தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உப்பாசியின் வேளாண் அறிவியல் நிலையம் குன்னூரில் இருக்கிறது. ஊட்டியில் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பக்கம் மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். சரிவில் வீடு கட்டுகிறவன் தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு பேச்சு வைத்தால் எத்தனை பேருக்குப் பயன்படும்!

ஆனால் இந்தப் பேச்சை எங்கே வைக்கிறோம்? ஹோட்டல் அறையில், இரவு உணவுக்கு முன், உறுப்பினர்கள் மட்டும் இருக்கும் கூட்டத்தில். வரவேற்புரை, அறிமுக உரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் போக விருந்தினருக்குக் கிடைப்பது கால் மணி நேரம். கேள்வி கேட்கலாம் என்றால் சாப்பாடு ஆறிவிடும். ஊட்டியிலிருந்து மலைப்பாதையில் வந்து போகிற ஒருவருக்கு நாம் செய்யும் மரியாதை இதுதானா? பொன்னாடையை விட்டுவிடுங்கள். பேச்சு அரை மணி நேரம், கேள்வி அரை மணி நேரம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது பள்ளியிலோ ஊர்ச் சமுதாயக்கூடத்திலோ பகலில் வையுங்கள், யார் வேண்டுமானாலும் வரட்டும்.

கண் என்று ஆண்டுத் திட்டம் போட்டால் பேச்சும் அதோடு சேரலாம். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவாரம். இறந்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும், கண்ணாடி போட்டவரும் புரை ஆபரேஷன் செய்தவரும் தானம் செய்யலாம், முகம் விகாரமாகாது. துக்க வீட்டில் இதை எடுத்துச் சொல்ல ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும். லயன்ஸ்காரர்கள் கண் வேலையில் இறங்கியதே ஒரு விருந்தினர் பேச்சால்தான். 1925-ல் அவர்களுடைய மாநாட்டில் ஹெலன் கெல்லர் வந்து பேசி, பார்வையற்றவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டார். இன்று வரைக்கும் அந்த வேலை நடக்கிறது. ஒரு பேச்சு இவ்வளவு செய்யும்.

கூடலூர்_அக்கா:

வாத்தியார் சார் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கிறேன். அரிவாள் செல் ரத்தசோகை, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் ரத்த நோய். இந்தியாவில் அது இருப்பது முதன்முதலில் தெரிய வந்ததே நம் நீலகிரி ஆதிவாசி மக்களிடம், 1952-ல். மத்திய அரசு 2023-ல் தனித் திட்டம் அறிவித்து ரத்தப் பரிசோதனை செய்கிறது. கல்யாணத்துக்கு முன் இரண்டு பக்கமும் பரிசோதனை முடிவு இருக்கும் அட்டையைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்று இருளர், குறும்பர் ஊர்களில் அவர்கள் பேச்சிலேயே சொல்ல ஆள் வேண்டும்.

இன்னொன்று. ஆதிவாசி ஊர்களுக்குப் போகிறீர்கள் என்றால் தனியாகப் புது ஏற்பாடு செய்துகொண்டு போகாதீர்கள். கோத்தகிரியிலேயே நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் 1958 முதல் வேலை செய்கிறது. அவர்களுக்கு ஊர்த் தலைவர்களைத் தெரியும், எந்த வீட்டில் யார் என்று தெரியும். நீங்கள் ஜீப்பும் கண்ணாடியும் கொடுங்கள், முன்னால் அவர்கள் நடக்கட்டும்.

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒரு சங்கம் குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் வைத்துக் கொடுத்தது. நாடா வெட்டி, கல்வெட்டும் பதித்தார்கள். ஃபில்டர் மாற்றுவது யார் பொறுப்பு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஆண்டுத் தலைவர் போய் அடுத்தவர் வந்தார், அவருக்கு அவருடைய திட்டம். பிள்ளைகள் இப்போது வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோகிறார்கள். உங்கள் சங்கத்திலும் தலைவர் ஆண்டுக்கு ஒரு முறை மாறுவார் என்பதால் கேட்கிறேன், அடுத்த ஜூலையில் இந்தக் கண் வேலை என்ன ஆகும்?

கட்டபெட்டு_செயலர்:

அக்கா கேட்டதுதான் எனக்கும் பெரிய கவலை. நேற்று தலைவரிடமும் அடுத்த ஆண்டுக்குத் தேர்வாகியிருப்பவரிடமும் சேர்ந்தே பேசினேன். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால்தான் தொடங்குவது என்று முடிவாகியிருக்கிறது. நோயாளிகளின் பதிவேடு சங்கச் சொத்து, செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது என்று தீர்மானம் போடப்போகிறோம். பதிவேட்டில் நாலு கட்டம்: பார்த்த நாள், ஆபரேஷன் நாள், மறுபரிசோதனை நாள், கண்ணாடி கொடுத்த நாள். நாலும் நிரம்பாத பெயர் அடுத்த ஆண்டுக் குழுவின் முதல் வேலை.

சோலூர்மட்டம் அண்ணா சொன்னபடி ஆகஸ்ட் கடைசியில் முதல் முகாம், பிப்ரவரியில் இரண்டாவது. அசாம் ஆய்வை நன்கொடை நோட்டீஸில் போடவில்லை. இசை நிகழ்ச்சியை நிறுத்தாமல் பகலுக்கு மாற்றுகிறோம், நெடுகுளா தம்பி வாலண்டியர்களைத் திரட்ட முடியுமா? எல்லா நிகழ்ச்சியிலும் ஸ்டீல் டம்ளர்தான், பிளாஸ்டிக் பாட்டில் நம் மாவட்டத்துக்குள் எப்படியும் கூடாது.

செவிலி அக்காவிடம் ஒரு சந்தேகம். வெள்ளெழுத்துக் கண்ணாடியை மொத்தமாக வாங்கி நாங்களே கொடுத்துவிடலாமா?

அரவேணு_செவிலி:

சோதிக்காமல் கொடுக்கவே கூடாது. கிட்டத்தில் தெரியவில்லை என்று வருகிறவருக்குப் புரை இருக்கலாம், கண் அழுத்தம் இருக்கலாம், சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கலாம். கண்ணாடி கொடுத்து அனுப்பிவிட்டால் அந்த நோய் மறைந்து வளரும். கண் பரிசோதகர் ஒருவர் பார்த்த பிறகு, இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் போதும் என்பவர்களுக்கு மட்டும் ரெடிமேட் கண்ணாடி. மற்றவர்களுக்கு அளவெடுத்துச் செய்துதான் கொடுக்க வேண்டும். பவரைப் புத்தகம் வாசிக்கும் தூரத்துக்கு மட்டும் பார்க்காதீர்கள். செடியில் கை போகிற தூரத்தில் தெரிகிறதா என்று அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

வீடு திரும்பியவர்களைப் பார்க்கப் போகிற வேலைக்கு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையேறி நடக்க முடியாது, ஜீப் போகிற ஊர் என்றால் வருகிறேன். சொட்டு மருந்து விடுவது எப்படி என்று வீட்டுக்கு ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வரலாம்.

சோலூர்மட்டம்_சிறுவிவசாயி:

கண்ணாடிக்குக் கழுத்தில் மாட்டும் கயிறும் சேர்த்து வாங்குங்கள். மூடுபனியில் மங்கினால் கழற்றித் தொங்க விட்டுக்கொள்வார்கள். இல்லாவிட்டால் முதல் வாரமே செடிக்குள் விழுந்து தொலையும்.

இடத்துக்கு அலைய வேண்டாம். எங்கள் ஊரில் இலை எடை போடும் ஷெட் இருக்கிறது, மத்தியானத்துக்கு மேல்தான் அங்கே வேலை. காலையில் முகாமுக்கு எடுத்துக்கொள்ளலாம், ஊர்ப் பெரியவர்களிடம் நான் பேசுகிறேன். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் பால் சங்கத்துப் பெண்கள் முறை போட்டுக்கொள்ள முடியுமா என்றும் கேட்கிறேன். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், அன்றைக்கு இலை எடுக்க வேண்டாம் என்று ஏஜென்டிடம் சொல்லி வைக்க வேண்டும்.